ஓடுவதற்கு முந்திய அரை நொடி

மகளுக்கு,

திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு நீ கொழும்பு பஸ்ஸில் ஏறினாய். "அப்பா, நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நான் போகல. போன்னு சொன்னா போறேன். ஆனா சும்மா தலைய மட்டும் ஆட்டாதீங்க" என்றாய். ஹட்டன் பஸ் நிலையத்தில், கடலைக்காரரும் கண்டக்டரும் போட்டி போட்டுக் கத்திக்கொண்டிருந்த அந்த இடத்தில், எனக்குத் தலையை ஆட்டத்தான் முடிந்தது. நேரில் பேசும்போது என் வாய்க்கு வருவது எப்போதும் பாதிதான். மீதி, வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போது வரும். அந்த மீதியைத்தான் எழுதுகிறேன். இயந்திரங்களோடு வேலை செய்யப் போகும் மற்றப் பிள்ளைகளும் படிக்கும்படி எழுதச் சொன்னவள் நீ. அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிகளையும் விளக்கியே எழுதுகிறேன். உன்னைவிட அரைகுறையாக விளக்கினால் பொறுத்துக்கொள்.

உனக்கு வந்திருக்கும் பொறுப்பு என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். டயகமவிலிருந்து வலப்பனை வரை பல தேயிலைத் தொழிற்சாலைகளில், கீழ்த்தளத்திலிருந்து கொழுந்துச் சாக்குகளை மேல்மாடிக்கு ஏற்றும் பழைய லிப்டுகளுக்கு, மோட்டாரை ஆளும் டிரைவ் என்ற புதிய மின்பெட்டி பூட்டப் போகிறார்கள். அந்த வேலை முழுவதையும் உன் கையில் தருகிறார்கள். உனக்கு மேலே இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட இன்னொருவர் இல்லை. கூண்டுக்குக் கீழே நிற்பவர்களின் உயிருக்கு உன் கையெழுத்துத்தான் காவல். அதைத்தான் நீ ஏற்பதா விடுவதா என்று என்னைக் கேட்டாய். சுவிட்சைப் போடும் முன் மூன்று தடவை வயரைத் தடவிப் பார்க்கிற ஒரு மனிதனிடம் கேட்டாய்.

வரிசைப்படுத்திக்கொள்ளாவிட்டால் நான் வழி தவறிவிடுவேன். ஆகவே சொல்லப் போவது இவை:

1. ஒரு தூண்டல் மோட்டார் ஓடத் தொடங்கும் முன் அதற்குள் என்ன நடக்கிறது என்பதும், அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு ஏன் மெய் சிலிர்க்கிறது என்பதும்.
2. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தொழிற்சாலையில் நான் "நிப்பாட்டு" என்று கத்தியது.
3. கூண்டு இறங்கியதும், நீ அதை நிறுத்தியதும்.
4. இந்தப் பொறுப்பை நீ இப்போது ஏற்காமல் இன்னும் ஒரு வருடம் பொறுக்க வேண்டும் என்பதற்கு என் காரணம்.
5. உன் அம்மாவின் கருத்து.

முதலாவது. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்துத் தோட்டங்களுக்கு மின் பராமரிப்பு வேலைக்கு வந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை என் கைக்கு வந்தவை தூண்டல் மோட்டார்கள்தான். கொழுந்துக்குக் காற்றடிக்கும் பெரிய விசிறியில் அது, உருட்டும் இயந்திரத்தில் அது, சலிக்கும் இயந்திரத்தில் அது. வெளியே செப்புக் கம்பிச் சுருள்கள் பொதிந்த ஓர் இரும்பு வளையம். உள்ளே ரோட்டர் என்ற சுழலும் பகுதி. இரண்டுக்கும் நடுவே நகத்தின் தடிப்புக்கு ஓர் இடைவெளி, அதில் வெறும் காற்று. உள்ளே இருக்கும் ரோட்டருக்கு எந்தக் கம்பியும் போவதில்லை. வெளிவளையத்தில் ஓடும் மின்னோட்டம் காந்தப் பாயத்தை, அதாவது கண்ணுக்குத் தெரியாத காந்தத்தின் ஓட்டத்தை, உண்டாக்குகிறது. அந்தப் பாயம் காற்றைத் தாண்டி ரோட்டருக்குள் நுழைகிறது. பாயம் சுழலச் சுழல, யாரும் தொடாத ரோட்டருக்குள் தானாக ஒரு மின்னோட்டம் பிறக்கிறது. பிறந்த மின்னோட்டமும் புகுந்த பாயமும் சேர்ந்து ரோட்டரைத் தள்ளுகின்றன. இதைப் பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, நல்ல புள்ளியும் எடுத்தேன். ஆனால் ஒரு மோட்டாரைக் கழற்றி, ரோட்டரைக் கையில் தூக்கி, இதற்கு ஒரு கம்பியும் வரவில்லையே என்று நானே பார்த்த அன்றுதான் எனக்கு மூச்சு நின்றது. கோயிலில் நிற்பதுபோல் நின்றேன். பக்கத்தில் இருந்தவர் பாரம் தாங்காமல் நிற்கிறேன் என்று நினைத்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

பழைய முறையில் சுவிட்சைப் போட்டால் எல்லாம் ஒன்றாக நடக்கும். பாயம் எழும்புவதும், மின்னோட்டம் பாய்வதும், ரோட்டர் திமிறுவதும் ஒரே குலுக்கலில் முடிந்துவிடும். தொழிற்சாலை விளக்குகள் ஒருமுறை மங்கி எழும். அந்தக் குலுக்கலுக்குள் ஒரு முன்பின் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உன்னுடைய டிரைவ் அதைப் பிரித்துக் காட்டிவிட்டது. மின்சார சபையிலிருந்து வரும் ஒரே மாறாத மீடிறனை, அதாவது ஒரு நொடியில் மின்னோட்டம் எத்தனை முறை திசை மாறித் திரும்பி வருகிறது என்ற கணக்கை, அந்தப் பெட்டி நாம் கேட்டபடி கூட்டியும் குறைத்தும் தருகிறது. பூச்சியத்திலும் நிறுத்தி வைக்கிறது. அதனால் ரோட்டரைத் திருப்பாமலே, சுழலாத பாயத்தை முதலில் உள்ளே நிரப்ப முடிகிறது. நிரம்பிய பிறகுதான் அதைச் சுழற்றத் தொடங்கும்.

அது உடனே நிரம்புவதுமில்லை. ரோட்டரே ஒரு மூடிய செப்புக் கூடு. தன்னை ஊடுருவ வரும் பாயத்தை அது முதலில் எதிர்க்கும். எதிர்ப்பு மெல்லத் தளரும். அதனால் பாயத்தின் கோடு முதலில் செங்குத்தாக ஏறி, போகப் போகச் சாய்ந்து, கடைசியில் தரையாகப் படுக்கும். பெரிய மோட்டாருக்கு அரை நொடி, சிலவற்றுக்கு அதிலும் கூட. அந்தக் கோட்டை உன் மடிக்கணினியில் எனக்குக் காட்டினாய், நினைவிருக்கிறதா? வாழ்நாளெல்லாம் இரும்புக்குள் ஒளிந்திருந்த ஒன்று, பச்சைக் கோடாக ஏறிவந்து என் கண் முன்னால் நின்றது. நீ அடுத்த வேலைக்குப் போய்விட்டாய். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

இன்னொன்றையும் மற்றப் பிள்ளைகளுக்காகச் சொல்ல வேண்டும். ஒரு மோட்டாரின் தள்ளும் விசை, பாயத்தையும் ரோட்டரின் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் விடை. கூட்டல் அல்ல, பெருக்கல். பாயம் பூச்சியமாக இருக்கும்போது எவ்வளவு மின்னோட்டத்தைத் திணித்தாலும் விடை பூச்சியம்தான். சமதரையில் நிற்கும் இயந்திரத்துக்கு அதனால் கேடு இல்லை. சற்றுத் தாமதமாகப் புறப்படும். பாரத்தைத் தொங்கவிட்டிருக்கும் லிப்டுக்கு அப்படியல்ல. பிரேக் கையை விடும்போது பாயம் தயாராக இல்லாவிட்டால் பாரத்தைப் பிடிக்க அங்கே ஒருவரும் இல்லை.

இரண்டாவது. அங்கே லிப்டுக்கு டிரைவ் பூட்டி ஓட்டிப் பார்க்கும் நாளில் நீ என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். நுவரெலியாவில் இறங்கி, உடப்புசல்லாவைப் பஸ்ஸைப் பிடித்து, வளைவுக்கு வளைவு எனக்கு வயிற்றைப் புரட்ட, நீ எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கத் தந்தாய். அந்தப் பழம் பின்னால் பூசைக்குப் போனது வேறு கதை. புதிய இயந்திரம் ஓடும் முன் தொழிற்சாலையைக் காக்கும் ரோதமுனிக்குக் கற்பூரம் காட்டாமல் யாரும் சுவிட்சைத் தொட மாட்டார்கள். லிப்டை ஓட்டும் மாரிமுத்து தேங்காய் வாங்கியிருந்தார், பழத்தை மறந்திருந்தார். "இஞ்சினியர் புள்ள கையில பழமிருக்கு, சாமிக்கே தெரிஞ்சிருக்கு" என்று வாங்கி நான்காக வெட்டிவிட்டார். நான் மோந்த பழம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கற்பூரம் அணைந்ததும் நீ மாரிமுத்துவிடம் பட்டனை அமுக்கச் சொன்னாய். அவர் அமுக்கினார். மோட்டார் சத்தம் போட்டது. ஓடவில்லை.

ஓடாமல் சத்தம் மட்டும் போடும் மோட்டார் எங்களுக்கு எப்படி என்று உனக்குத் தெரியாது. மூன்று கம்பியில் ஒன்றில் மின்சாரம் போய்விட்டால் மோட்டார் நின்ற இடத்தில் நின்று முனகும். உடனே நிறுத்தாவிட்டால் கம்பிச் சுருள் கருகி, தொழிற்சாலை முழுவதும் அந்த நாற்றம் பரவும். முனகினால் நிறுத்து என்பது எங்களுக்கு யோசித்துச் செய்கிற காரியமல்ல. கொதிக்கும் பாத்திரத்தில் பட்ட விரல் தானாக விலகுவதுபோல. நான் "நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. கொழுந்து கொண்டுவந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாரிமுத்து பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஐயா சொன்னது சரிதான். ரோதமுனி எறங்கிட்டாரு. மொனகுறாரு பாருங்க" என்றார்.

"மாரிமுத்து அண்ணே, அது சாமியுமில்ல, கோளாறுமில்ல. கைய எடுக்காம அமுக்கிப் பிடிங்க" என்றாய் நீ. பிறகு என் பக்கம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "அப்பா, இது முனகல் இல்ல. நல்லாக் கேளுங்க. பாயம் ஏறுது" என்றாய்.

அவர் மறுபடியும் அமுக்கினார். கேட்டேன். நீ சொன்னது சரி. பழைய முனகல் அடித்தொண்டையிலிருந்து வரும். இது மெல்லிய, கூரான ரீங்காரம்; மழை விட்டதும் தேயிலைக்குள்ளிருந்து கேட்கும் பூச்சிச் சத்தம் போன்றது. அது ஒரு கணம் நின்று ஒலித்தது. பிறகு 'டக்' என்று பிரேக் திறந்தது. கூண்டு ஒரு குலுக்கலும் இல்லாமல், யாரோ உள்ளங்கையில் வைத்து உயர்த்துவதுபோல் எழுந்தது. விளக்குகள் மங்கவில்லை. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். நான் என் வாழ்நாளில் சாவின் அடையாளம் என்று பழகிய ஒரு நிலை, இங்கே பிறப்பின் அடையாளமாக இருந்தது. ஓடாமல் ஒலிக்கும் மோட்டார் தயாராகிக்கொண்டிருக்கும் மோட்டார். நான் கத்தியதை மறந்தே போனேன். வெட்கமும் இல்லை, அதுதான் வியப்பு. அவ்வளவு பெரியதொன்றின் முன்னால் வெட்கப்பட நேரம் கிடைக்கவில்லை.

மூன்றாவதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனாலும் நீயே அதை எல்லாருக்கும் முன்னால் சொன்னவள்.

பழைய லிப்டில் மாரிமுத்துவுக்கு ஒரு பழக்கம். கூண்டு மேல்மாடித் தரைக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டால், பட்டனைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, தரையோடு தரையாகச் சேர்ப்பார். அப்படிச் சேர்த்தால்தான் சாக்கை இழுக்க இலகு. அதில் அவர் கெட்டிக்காரர். புதிய டிரைவிலும் அப்படியே தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் பாயம் ஏறத் தொடங்கும், ஏறி முடியும் முன் அவர் கை எடுத்துவிடுவார், ஏறியது கரைந்துபோகும். கூண்டு நின்ற இடத்தில் நின்றது.

"மிஸ், பட்டன் செத்துப் போச்சு" என்றார்.

"அமுக்கிப் பிடிங்கண்ணே, தட்டாதீங்க."

"பிடிச்சா மேல போயிருதே மிஸ். எனக்கு ஒரு சாணு போதும், இது ஒரு மொழம் போவுது."

தொழிற்சாலை அதிகாரி வந்துவிட்டார். வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர், நல்ல மனிதர், தமிழும் நன்றாகப் பேசுவார். "மிஸ், ஒங்க மெஷின் ரொம்ப யோசிக்குது. கொழுந்து யோசிக்காது. சாக்குக்குள்ள சூடேறினா செவந்து போயிரும்" என்றார். அதுவும் உண்மை. வெளியே லொறி நின்றது. எல்லாரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். நீ பாயம் ஏறுவதற்குக் கொடுத்திருந்த நேரத்தைக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் குறைத்தாய். வெறுங்கூண்டில் ஓட்டிப் பார்த்தாய், நன்றாக ஓடியது. மாரிமுத்து தட்டினார், கூண்டு தட்டுக்குத் தட்டு அசைந்தது. "ஹரி, இப்ப ஹரி" என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் காலையில்தான் ஒருமுறை பிழையாகக் கத்தியிருந்தேன். இன்னொரு முறை கத்த வாய் வரவில்லை.

பகல் கொழுந்து நிறுவைக்குப் பிறகு கூண்டில் சாக்குகள் நிறைய ஏறின. மேல்மாடிக்குச் சற்றுக் கீழே அது நின்றது. கீழே, கொழுந்து கொண்டுவந்த பெண்களில் ஒருவரான ராசம்மா சிந்திக் கிடந்த கொழுந்தைக் கூட்டி அள்ளுவதற்காகக் கூண்டின் குழிக்குள் தலையை நீட்டியிருந்தார். அங்கே கீழ்க்கதவைக் கயிற்றால் கட்டித் திறந்தே வைப்பதுதான் வழக்கம். சாக்கோடு வருகிறவர்கள் எப்படிக் கதவைத் திறப்பார்கள்? மாரிமுத்து ஒரு தட்டுத் தட்டினார். பிரேக் திறந்தது. பாயம் இல்லை. கூண்டு கீழே சறுக்கி ஒரு முழம் இறங்கியது. பிறகுதான் மோட்டார் அதைப் பிடித்தது. மேலே இருந்து கொழுந்து ராசம்மாவின் முதுகில் பொலபொலவென்று கொட்டியது.

இறங்கியது அவ்வளவுதான். ராசம்மாவின் தலைக்கும் கூண்டுக்கும் நடுவில் இன்னும் ஒரு மாடி உயரம் இருந்தது. ஆனால் உன் முகத்தை நான் பார்த்தேன். நீ ஓடிப்போய்ப் பெரிய சுவிட்சை இறக்கி, பெட்டியைப் பூட்டி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாய்.

"என்ன மிஸ், என்னா கோளாறு?" என்று அதிகாரி மேலேயிருந்து கேட்டார்.

"கோளாறு மெஷின்ல இல்ல சேர். தப்பு என்னோடது. நாந்தான் நேரத்தக் கொறச்சேன். சரியாகிற வரைக்கும் லிப்டு ஓடாது."

"லொறி இன்னும் வருதே!"

"வரட்டும் சேர். லிப்டு ஓடாது."

"நான் மேனேஜருக்கு என்ன சொல்றது?"

"நான் நிப்பாட்டினேன்னு சொல்லுங்க. எம்பேரச் சொல்லுங்க."

அவர் கோபமாகப் பேசினார். சிங்களத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்து திரும்பச் சிங்களத்துக்குப் போனார். நீ சாவியை விடவில்லை; குரலையும் உயர்த்தவில்லை. கடைசியில் சாக்குகளைப் படியால் தூக்குவதென்று முடிவானது. ராசம்மா முதுகிலிருந்த கொழுந்தை உதறிவிட்டு முதல் சாக்குக்குக் கை கொடுத்தார். "மெஷின் வந்தா தூக்க வேணாம்னாங்க. இப்ப மெஷினு ரெஸ்ட் எடுக்குது, நாம தூக்குறோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் ஒரு சாக்கின் மறுமுனையைப் பிடித்தாய். "இஞ்சினியர் புள்ள, ஒங்களுக்குப் பெரட்டுல பேர் போட்டாச்சா?" என்று, காலையில் பேர் எழுதி ஆட்களை வேலைக்கு அனுப்பும் பெரட்டை நினைத்து யாரோ கேட்டார்கள். படி ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே நீ ராசம்மாவிடம், "அக்கா, ஒங்க தலைக்கு மேல எறக்கிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றாய். அவர், "மேல கொழுந்துதானே விழுந்திச்சு. கொழுந்து எங்களுக்குப் புதுசா?" என்றார். பிறகு சற்றுத் தூரம் ஏறியதும் நின்று, "சொன்னீங்க பாருங்க, அது நல்லது. மறைக்கிறவங்க மெஷினுக்குக் கீழ நான் நிக்க மாட்டேன்" என்றார்.

பின்னேரம் கொழுந்தெல்லாம் மேலே போன பிறகு நீ வேலையைத் தொடங்கினாய். மோட்டாரின் மின்தடையை டிரைவே அளந்து அறியும்படி செய்தாய். பாயம் ஏறும் நேரத்தைப் பழையபடி கொடுத்தாய். அத்தோடு விடவில்லை, மின்னோட்டத்தை அளந்து, பாரத்தைப் பிடிக்கும் விசை வந்துவிட்டதென்று உறுதியானால் மட்டுமே பிரேக் திறக்கும்படி கட்டினாய். கீழ்க்கதவு மூடாவிட்டால் கூண்டு அசையாதபடி ஒரு சுவிட்சும் வைத்தாய். மாரிமுத்துவின் தட்டுக்கும் வழி கண்டாய். கூண்டு நின்று பிரேக் பிடித்த பிறகும் சற்று நேரம் பாயத்தை விடாமல் உள்ளே வைத்திருக்கச் செய்தாய். அந்த நேரத்துக்குள் அவர் தட்டினால் காத்திருக்கத் தேவையில்லை. பாயம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. மின்னோட்டம் மெல்ல ஓடிக்கொண்டிருப்பதால் மோட்டார் சற்றுச் சூடாகும், அதனால் நெடுநேரம் வைக்கக் கூடாது என்று அவருக்கு விளக்கினாய். அவர் தட்டிப் பார்த்தார். ஒரு சாண் ஏறியது. "இப்பத்தான் மெஷினுக்குக் காது கேக்குது" என்றார்.

பிறகு சாக்குகளை நிறைய ஏற்றி, கீழே ஒருவரையும் நிற்கவிடாமல், கூண்டை நடு உயரத்தில் நிறுத்தினாய். பிரேக்கைத் திறந்தாய். ஓடச் சொல்லவில்லை. கூண்டு அசையவில்லை. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. என்னைக் கூப்பிட்டு மோட்டாரின் மேல் கை வைக்கச் சொன்னாய். வைத்தேன். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஒன்றும் சுழலாமல், அத்தனை சாக்குக் கொழுந்தையும் எதுவும் தொடாத அந்தக் காற்றிடைவெளி தாங்கிக்கொண்டிருந்தது. என் ஆயுள் முழுவதும் மோட்டார் என்றால் ஓடுவது என்றே நினைத்திருந்தேன். முழுப் பலத்தோடு சும்மா நிற்கவும் அதற்குத் தெரியும் என்று அன்றுதான் கண்டேன். கையை எடுக்க மனம் வரவில்லை. நீ, "போதும்பா, கை சுடும்" என்றாய்.

ஐந்தாவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா சமையலறையிலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் இத்தனை வருடம் ஊர்ப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர், அவருக்குப் பதில் எப்போதும் கையில் தயாராக இருக்கும். "என்னாங்க, இன்னும் முடியலயா? ஒரு வார்த்ததானே கேட்டா?" என்றார். ஒரு வார்த்தைக்குக் காரணம் வேண்டாமா என்றேன். "என்னயக் கட்டிக்க சம்மதம்னு சொல்றதுக்கே நீங்க எங்க அப்பாகிட்ட மூணு வாரம் தவணை கேட்ட ஆளு. அதுக்குள்ள எங்கப்பா வேற மாப்பிள பாத்துட்டாரு. நாந்தான் பொறுங்கன்னேன்" என்றார். அந்த மூன்று வாரத்தில் நான் என்ன யோசித்தேன் என்று கேட்டார். நினைவில்லை. உன் விஷயத்தில் அவருடைய கருத்து: "அவ கேட்டது சம்மதமில்ல. கூட நிப்பீங்களான்னு கேக்குறா." நான் இதை எழுதிக்கொண்டேன். ஏற்றுக்கொண்டேனா என்று அப்போது தெரியவில்லை.

இனி நான்காவது. நான் உனக்குச் சொல்ல நினைத்திருந்தது இது. அன்று நீ மற்றவர்களின் அவசரத்துக்கு இடம் கொடுத்தாய். கொழுந்து சிவக்கும் என்ற ஒரு சொல்லுக்காக, உனக்குத் தெரிந்த ஒன்றை விட்டுக்கொடுத்தாய். கூண்டு ஒரு முழம் இறங்கியது. வேறொரு தொழிற்சாலையில் அது ஒரு முழத்தோடு நிற்காது. உனக்கு மேலே ஒரு மூத்தவர் இருந்திருந்தால் குறைக்காதே என்று சொல்லியிருப்பார். பாயம் ஏறக் காலம் வேண்டும் என்று நீயே எனக்குக் காட்டினாய். மனிதருக்கும் அப்படித்தான். ஆகவே இன்னும் ஒரு வருடம் கொழும்பிலேயே உன் மூத்த பொறியியலாளரின் பக்கத்தில் இரு. உள்ளே நிரம்பட்டும். பிறகு பிரேக்கைத் திறக்கலாம்.

இப்படி எழுதி முடித்ததும் எனக்குத் திருப்தியாக இருந்தது. எனக்குத் திருப்தி வந்தால் உடனே சரிபார்ப்பது வழக்கம், ஏனென்றால் அது எனக்கு அடிக்கடி வருவதில்லை. படித்த பிள்ளைகள் பார்ப்பார்களே என்று, அந்தக் கோட்டை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் சமன்பாட்டையும் எழுதினேன். பாயம் ஏறும் கோடு. கிடையாகக் காலம், செங்குத்தாகப் பாயம். வரைந்து முடித்து, சமன்பாட்டின் வலது பக்கத்தில் மின்னோட்டம் என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது.

மின்னோட்டத்தைப் பூச்சியம் என்று போட்டுப் பார்த்தேன். கோடு எழும்பவே இல்லை. அரை நொடிக்கும் எழும்பவில்லை, ஒரு நிமிடத்துக்கும் எழும்பவில்லை. கிடைக்கோட்டில் ஒரு வருடத்தைக் குறித்தேன். அங்கேயும் தரையில்தான் கிடந்தது. பாயத்தை ஏற்றுவது காலம் அல்ல. மின்னோட்டம் ஏற்றுகிறது, காலம் அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். களஞ்சிய அறையில் ஒரு வருடம் கிடந்த மோட்டாருக்குள் நேற்று வந்த மோட்டாருக்குள் இருப்பதைவிடத் துளியும் அதிகப் பாயம் இருக்காது. முதல் வருட மாணவனுக்கும் தெரிந்தது இது. எனக்கு வேண்டிய பதிலைச் சொல்ல வைப்பதற்காக நான் சமன்பாட்டில் பாதியை மறைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஒழுங்காக, ஒவ்வொன்றாக யோசித்தேன். கொழும்பில் உன் வேலை என்னவென்று நீ சொல்லியிருக்கிறாய். வரைபடங்களைச் சரிபார்க்கிறாய், அவர் கையெழுத்துப் போடுகிறார். "நல்ல மனுசர்பா. நான் கேள்வி கேக்குறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிடுவாரு" என்றாய். அங்கே உனக்குள் எந்த மின்னோட்டமும் ஓடவில்லை. அன்று பகல், லொறி நிற்க, அதிகாரி கத்த, சாவியை விடாமல் நீ நின்றாயே, அப்போது ஓடியது. காலையில் ஒரு சொல்லுக்கு இறங்கிப்போனவள் பகலில் அத்தனை சத்தத்துக்கும் அசையவில்லை. அந்த இடைவெளி சில மணித்தியாலம். ஒரு வருடம் தேவைப்படவில்லை. இனி எந்த அதிகாரி வந்து கொழுந்து சிவக்கிறது என்றாலும் நீ அந்த நேரத்தைக் குறைக்கப் போவதில்லை. ராசம்மாவின் முதுகில் கொட்டிய கொழுந்து உனக்குச் சொல்லிக்கொடுத்ததை எந்த மூத்தவரும் மேசையிலிருந்து சொல்லியிருக்க முடியாது.

டிரைவும் கடிகாரத்தைப் பார்த்துப் பிரேக்கைத் திறப்பதில்லை என்று நீதான் எனக்குக் காட்டினாய். அளந்து பார்த்து, விசை இருக்கிறதென்று கண்டால்தான் திறக்கிறது. நான் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அளவை அன்றே என் கண் முன்னால் எடுத்தாயிற்று; நான் பக்கத்தில் நின்றும் வாசிக்கத் தவறிவிட்டேன்.

ஆகவே திங்கட்கிழமை அவர்களிடம் சரி என்று சொல். டயகமவுக்குப் போகும் முதல் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனால் வருவேன். ஒரு ஓரமாக நிற்பேன், கத்த மாட்டேன். எனக்குப் பயம் போய்விட்டதென்று நினைக்காதே, அது இருந்த அளவுக்கே இருக்கிறது. பயந்த மனதோடு ஒரு காரணத்தைத் தேடினேன், கிடைத்தது. அதை அப்படியே தாளில் எழுதியிருக்கிறேன், கிறுக்கி மறைக்கவில்லை, நீ பார்க்க வேண்டும் என்பதற்காக.

நான்காவதாகச் சொன்னது பிழை, மகள்.

அப்பா